தையலுக்கு விடும் அரை அங்குலம்

உஷாவை அந்தக் கூட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வேறு யாராவது கூட்டி வந்திருந்தால் அவர்களை ஆசைதீரத் திட்டியாவது இருப்பேன். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் யாரிடம் போய் முறையிடுவது?

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாங்கள் குடியேறிய நகரத்தின் மேற்குக் கோடியில், ஹென்டர்சனில் ஒரு சமூக மண்டபம், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பன்னிரண்டு பெண்கள், ஒன்பது தையல் மெஷின். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் வெள்ளைக்காரப் பெண்கள் உடுத்த கவுன்களை, அந்தக் காலத்துப் பத்திரிகைகளோடு இணைப்பாக வந்த பேட்டர்ன் தாள்களைப் பார்த்து அளவு பிசகாமல் வரைந்து தைப்போம். அந்தக் கவுன்களுக்குப் பஸில் என்று ஒன்று உண்டு. இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஒரு சின்னக் கம்பிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, அதன் மேல் பாவாடைத் துணியை மடிப்பு மடிப்பாகத் தூக்கி விடுவது. தேத்தண்ணிக் கோப்பை வைத்தால்கூட விழாது. என் மகள் பிரணவி முதல்முறை என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, "பட் வை, அம்மா?" என்று கேட்டாள். வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்று மாத்திரை எண்ணுகிறவளுக்கு, நூற்று நாற்பது வருடப் பழைய தாளில் பின்னிக் கிடக்கும் கோடுகளைப் பிரித்துப் பிரித்து ஒரு மேற்சட்டையைக் கண்டுபிடிப்பது பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கோடுகளைப் படிப்பதில் அங்கே என்னை அடிக்க ஆளில்லை. ஒரே தாளில் பத்து உடுப்பின் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்திருப்பார்கள். ஒன்றுக்குப் புள்ளிக் கோடு, ஒன்றுக்குக் கீற்றுக் கோடு. மற்றவர்களுக்குத் தலை சுற்றும். நான்தான் எல்லோருக்கும் பிரித்து, பெரிதாக்கி, படியெடுத்துக் கொடுப்பேன். கூட்டத்தை நடத்துகிற மார்கரெட் எழுபது வயதுக்காரி. நாடகக் கம்பனிகளுக்கு உடுப்புத் தைத்து ஓய்வு பெற்றவர். நல்லது என்ற சொல்லை லேசில் வெளியே எடுக்கமாட்டார். ஆறு வருடத்தில் எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்றும் எந்தச் சட்டைக்கு என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். என்னுடைய பெயர் கம்சாயினி. அது அவர்களுடைய வாயில் நுழையாததால் முதல் நாளே என்னைக் கிம் ஆக்கிவிட்டார்கள்.

உஷா நகரத்தின் தெற்குக் கோடியில், மனுரேவாவில் இருக்கிறாள். ஈரோட்டுக்காரி. என்னைவிட எட்டு, ஒன்பது வயது இளையவள். அவளுடைய கணவர் பழனிசாமி அங்கே ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். இவள் கராஜுக்குள் மெஷின் போட்டுச் சேலைப் பிளவுஸ் தைக்கிறாள். உடம்பில் கொழுவினால் கழற்ற மனம் வராத மாதிரி தைப்பாள். நவராத்திரிக்கு இரண்டு பிளவுஸ் கொடுக்கப் போன இடத்தில், நான் தைத்த பஸில் கவுன் ஒன்றின் படத்தை என் போனில் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினேன். அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கொசுவத்தை முன்னாடி சொருகாம பின்னாடி விட்டு, உள்ள நாடா வச்சுத் தூக்கிக் கட்டியிருக்காங்க. அவ்ளோதானுங்க்கா?"

அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு எனக்குப் பிடிபட நாலு மாதம் எடுத்தது. மூன்று புத்தகம் வாங்கினேன். அவளோ ஒரு கையில் என் பிளவுஸ் துணியைப் பிடித்தபடி சொல்லிவிட்டாள். அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டு, "ஒருநாள் வாங்கோவன், வந்து பாருங்கோ" என்றேன். அவள் வந்து என் கவுன்களைப் பார்த்து வாயைப் பிளக்கவேண்டும் என்பது என் எண்ணம். வேறு நல்ல எண்ணம் ஏதும் இருந்ததாக இப்போது கதை விடமாட்டேன்.

வந்தாள். வாயைப் பிளந்தவர் மார்கரெட். உஷா மடித்துத் தைத்த பாவாடைக் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று கேட்டார். பிறகு நல்லது என்றார். தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு இன்னொரு தடவை சொன்னார். ஒரே பின்னேரத்தில் இரண்டு. உஷா என்ற பெயர் எல்லோருடைய வாயிலும் சர்க்கரை போலக் கரைந்தது. யாரும் அதை வெட்டிக் குறுக்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் அவளை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவள் ஒரு துணியைக் கையால் தடவிப் பார்த்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது அவளுடைய குறைகளை எண்ணிக்கொண்டு வருவேன். ஆங்கிலம் அரைகுறை. பேட்டர்ன் தாளைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. சோதனைத் துணியில் தைத்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது, சோக்கட்டியால் நேரே நல்ல துணியில் கோடு போட்டு வெட்டிவிடுவாள். இப்படி எண்ணி முடிக்கும்போது வீடு வந்துவிடும், எரிச்சல் மட்டும் இறங்காது. பிரணவியிடம் ஒருநாள் உஷாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஆர் யூ ஜெலஸ்?" என்று கேட்டாள். உன்னுடைய வேலையைப் பார் என்றேன்.

இந்த நேரத்தில்தான் மேற்குப் பக்கத்துச் சின்ன அருங்காட்சியகம் ஒன்று மார்கரெட்டுக்கு எழுதியது. அவர்களிடம் ஒரு விக்டோரியா காலத்து அறை இருக்கிறது. அதில் நிறுத்த ஒரு பஸில் கவுன் வேண்டும். கண்ணாடிக்குள் ஒரு வருடம் இருக்கும். பக்கத்தில் அட்டை வைத்துத் தைத்தவரின் பெயரை எழுதுவார்கள். மார்கரெட் என்னையும் உஷாவையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் மேற்சட்டையை மட்டும் முதலில் தைத்துக்கொண்டு வரவேண்டும், யாருடையது நன்றாக அமைகிறதோ அவர் முழுக் கவுனையும் தைக்கலாம் என்றார். அருங்காட்சியகம் தந்த நாவற்பழ நிறப் பட்டில் ஆளுக்கு இரண்டு மீட்டர் வெட்டிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு சாண்கூடக் கிடையாது. பிழையாக வெட்டினால் வெட்டினதுதான்.

அந்த அட்டை எனக்கு வேண்டும். கிம் என்று இல்லாமல் கம்சாயினி என்று முழுதாக எழுதச் சொல்லுவேன். ஆறு வருடம் அந்த மண்டபத்துக் கதிரைகளை அடுக்கியவள் நான். நேற்று வந்தவளின் பெயரை அதில் எழுதுவதா? நினைக்க நினைக்க நித்திரை கெட்டது.

இரண்டு பேருக்கும் பேட்டர்ன் ஒன்றுதான். வழக்கம்போல நானே பிரித்துப் படியெடுத்தேன். இங்கே ஒன்று சொல்லவேண்டும். இப்போது கடையில் வாங்குகிற பேட்டர்னில் தையலுக்கு விடும் துணியையும் சேர்த்தே வரைந்திருப்பார்கள். கோட்டில் வெட்டினால் சரி. பழைய தாள்களில் அப்படி இல்லை. கோடு போட்டிருக்கிற இடத்தில் தையல் ஓடவேண்டும். சுற்றிவர அரை அங்குலமாவது நாங்களே விட்டு வெட்டவேண்டும். இந்த மேற்சட்டைக்கு எட்டுத் துண்டு, ஏழு தையல். விடாமல் வெட்டினால் ஒவ்வொரு தையலும் ஒரு அங்குலம் தின்னும். ஏழு அங்குலம் போனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் போடலாம். இதனால் ஒவ்வொருவருடைய படியிலும் சிவப்புப் பேனையால் "தையலுக்கு விட்டு வெட்டவும்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். உஷாவின் படியில் எழுதவில்லை. மறந்துபோனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருந்துக்கடையில் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது.

"அக்கா, துணிய விரிச்சு வச்சுட்டேனுங்க்கா. ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பேட்டர்ன்ல தையலுக்குத் துணி விட்டிருக்காங்களா? ஓரத்துல ஒண்ணுமே எழுதல."

எனக்குக் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. கத்திரிக்கோல் அவள் கையில் இருந்திருக்கும். ஒரு சொல் சொன்னால் போதும்.

"அதெல்லாம் காணும்" என்றேன்.

போதிய அளவு விட்டிருக்கிறார்கள், இனி நீ விடத் தேவையில்லை என்று அர்த்தம். பொய். சிவப்புப் பேனையை மறந்தது போல இதை மறதி என்று யாரிடமும் சொல்லமுடியாது.

"ஐயோ, நல்லவேளை கேட்டேன்" என்றாள் உஷா. "ரொம்ப தேங்க்ஸுங்க்கா. வச்சுடறேன்."

நான் மிச்சச் சோற்றைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று பின்னேரம் வரை அவளுக்குத் திரும்ப எடுத்துச் சொல்லலாமா என்று நாலு தரம் போனைத் தூக்கினேன். பிறகு வெட்டியிருப்பாள் என்று நினைத்தேன். வெட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒன்றரை வாரம் என் மேற்சட்டையை நான் தைத்த மாதிரி வாழ்க்கையில் எதையும் தைத்ததில்லை. சோதனைத் துணியில் இரண்டு தரம் தைத்துப் பார்த்து, சட்டை விறைப்பாக நிற்க உள்ளே எலும்பு என்கிற மெல்லிய கம்பி வைக்கிற பட்டிகளைக் கையால் தைத்து, பொத்தான் துளை பதினெட்டும் ஒரே அளவில் போட்டேன். நடுநடுவே உஷா அந்தப் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற காட்சி வரும். பாவமாக இருக்கும். இருந்தாலும் அந்தக் காட்சியை நான் விரட்டவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் அருங்காட்சியகத்தின் உடுப்புப் பொம்மை நின்றது. எல்லோரும் சுற்றி நின்றோம். முதலில் என்னுடையதைப் போட்டார்கள். நன்றாக இருந்தது. கைக்குழிக்குக் கீழே மெல்லிய ஒரு சுருக்கம் மட்டும் விழுந்தது. வேறு யாரும் கண்டிருக்கமாட்டார்கள், மார்கரெட் கண்டார். நானும் கண்டேன். பிறகு உஷா தன் பையைத் திறந்தாள். நான் கிட்டப் போய் நின்று பார்த்தேன்.

அவள் சட்டை பொம்மைக்குப் பொருந்தியது என்று சொல்வது காணாது. தோல் போல ஒட்டியது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. முதுகுத் தையல்கள் இடுப்பில் குறுகி, பஸிலுக்காக விரிந்து இறங்கிய இடத்தில் பட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. மார்கரெட் பொம்மையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். நல்லது என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏழு அங்குலம் எங்கே போனது? மார்கரெட்டும் வேறு காரணத்துக்காக அதைத்தான் கேட்டார். பழைய பேட்டர்னில் தையலுக்கு விடவேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும், புதிதாக வருகிற எல்லோரும் முதல் சட்டையை இதில்தானே நாசமாக்குவார்கள் என்றார்.

உஷா என் பக்கம் திரும்பி முகம் முழுக்கச் சிரித்தாள். "சிஸ்டர் டோல்ட் மீ. ஐ ஆஸ்க், சிஸ்டர் டோல்ட், நாட் தேர், மிஸ்ஸிங்." பிறகு தமிழில் எனக்குச் சொன்னாள். "நீங்க மட்டும் போன்ல காணும்னு சொல்லலைன்னா கோட்டு மேலயே கத்திரிய வச்சிருப்பேனுங்க்கா. காணும்னீங்களா, எதுக்கும் இருக்கட்டும்னு ஒன்றரை இஞ்சு விட்டு வெட்டினேன்."

ஈரோட்டில் ஒரு பொருளைக் காணும் என்றால் அது தொலைந்துவிட்டது, இல்லை என்று அர்த்தம். சாவியைக் காணும், செருப்பைக் காணும். நான் இருக்கிறது என்று சொன்ன பொய்யை, அவள் இல்லை என்று உண்மையாகக் கேட்டிருக்கிறாள். பொய் சொல்லக்கூட எனக்கு ஒழுங்கான தமிழ் வாய்க்கவில்லை.

மார்கரெட் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதே பட்டுக்காகப் போட்டியில் நிற்கிறவளுக்கு யார் இப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். கவுனை உஷா தைப்பாள், ஆனால் அட்டையில் பேட்டர்னைப் பிரித்துக் கொடுத்தவள் என்று கிம்மின் பெயரும் வரும், அடுத்த வருடம் பேட்டர்ன் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைக் கிம்தான் எடுப்பாள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆறு வருடமாக நான் ஏங்கின முகத்தோடு மார்கரெட் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். செய்யாத ஒன்றுக்காக அது கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சிரித்தேன்.

அன்றைக்கு ரயில் பாதையில் திருத்த வேலை, ரயில் ஓடவில்லை. ரயிலுக்குப் பதிலாக விட்ட பஸ்ஸில் உஷா மனுரேவா போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் ஆகும். மார்கரெட்டே என்னைப் பார்த்து, நீ கொண்டுபோய் விடுவாய்தானே என்றார். இல்லை என்று சொல்ல வழியில்லை.

மோட்டார்வேயில் ஏறியதிலிருந்து உஷா நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாளாம். இந்த ஊரில் தமிழ் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிடமாட்டார்கள் என்று அவர் சொன்னாராம், அக்காவைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்று இவள் சொன்னாளாம். ஒவ்வொரு நன்றியும் ஊசி போல ஏறியது. சுரங்கப் பாதைக்குள் வாகனங்கள் நகராமல் நின்றபோது எனக்குத் தாங்கவில்லை.

"உஷா, நன்றி சொன்னது காணும்."

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"இதுதான் எங்கட ஊர்ப் பேச்சு. எங்களுக்குக் காணும் எண்டா போதும் எண்டு அர்த்தம். சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தா, காணும் காணும் எண்டு கையைக் குறுக்க வைப்பம். நான் போனில சொன்னதும் அதுதான்."

அவள் முதலில் சிரித்தாள். "அட, இப்படி ஒரு கூத்தா?" என்றாள். சிரிப்பு நின்ற பிறகு முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, விட்டிருக்கு, கோட்டு மேலயே வெட்டலாம்னா சொன்னீங்க?"

"ஓம்."

மடியில் இருந்த பையைச் சரியாக வைத்தாள். பிறகு என் தோளில் மெல்லக் கை வைத்தாள். "பரவால்லீங்க்கா. உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. நூத்திநாப்பது வருசத்துப் பேட்டர்ன், யாருக்குத்தான் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். அடுத்த வருசம் கிளாஸ் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒருநாள் உக்காரலாம். எங்கெங்க எவ்ளோ விடணும்னு நானே உங்களுக்குச் சொல்லித் தரேன்."

அவள் எனக்குச் சொல்லித் தருவாளாம். தாளைத் தலைகீழாகப் பிடிக்கிறவள். ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பேன். தெரியாமல் செய்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பெயரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன். "ஆறு வருசமா எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறவள் நான். ஒவ்வொரு தாளிலயும் சிவப்பால எழுதிக் குடுக்கிறனான். உங்கட தாளில எழுதேல்ல."

வாகனங்கள் நகர்ந்தன. உஷா கையை என் தோளிலிருந்து எடுத்தாள். "தெரிஞ்சேதான் சொன்னீங்களா" என்றாள். கேள்வி மாதிரி இல்லை. நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு மனுரேவா வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நான் தயாராக இருந்தேன். மடியில் இருந்த பையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அந்தச் சட்டை இருந்தது.

அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று இருந்தது. அவள் இறங்கி, கதவைப் பிடித்தபடி குனிந்தாள்.

"இதை மார்கரெட்கிட்ட சொல்லிப்போடாதீங்க்கா. அவங்க உங்களை ரொம்ப நம்பறாங்க. வயசான மனுசி, தாங்கமாட்டாங்க."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு உள்ளே போனாள். அந்த வாசலில் நின்றபோதும் எனக்கு அவள் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால், அந்தக் கார் தெருமுனை திரும்புவதற்கு முதலே மார்கரெட்டுக்குப் போன் போட்டிருப்பேன்.